குலவை கேட்காத இடம்

என் மகளுக்குச் சடங்கு வைக்க மாட்டேன் என்று நான் சொன்னபோது, எங்கள் சொந்தக்காரர்கள் எனக்குத்தான் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். பிடித்திருந்தால் பிடித்திருக்கட்டும். அந்தப் பேய் இல்லாவிட்டால் என் மகள் இன்றைக்கு என்னோடு இருந்திருக்க மாட்டாள்.

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் என் வீட்டுக்காரருக்கு ஃபிட்டர் வேலை. மகளுக்கு எதுவும் மெதுவாகத்தான் விளங்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கவே வெகுநாள் ஆனது. அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். என்னைப் பாடாய்ப் படுத்தியது அவளுடைய பயம். மில் சங்கு ஊதினால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டு மணிக்கட்டைக் கடிப்பாள். குக்கர் விசில் அடித்தாலும் அப்படித்தான், வெடிச் சத்தத்துக்கும் அப்படித்தான். எங்கள் ஊரில் உலை வைப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவதும் சங்குச் சத்தத்தைக் கேட்டுத்தான். ஊருக்கே கடிகாரமாக இருந்தது என் பிள்ளைக்கு எமனாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் ஒருநாள் சங்கு ஊதியதும் பெஞ்சுக்கு அடியில் போய்க் கிடந்து கத்தியிருக்கிறாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டார். "மத்த பிள்ளைக பயப்படுதும்மா" என்றார்.

"எம் பிள்ள பயப்படுறது ஒங்க கண்ணுக்குத் தெரியலையா டீச்சர்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதற்குப் பதிலாகக் கையில் டி.சி. கிடைத்தது.

மதுரையில் ஒரு பெரிய டாக்டர் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டால் பயப்படவில்லை, உண்மைதான்; நாள் பூராவும் தூங்கினால் எங்கிருந்து பயப்படுவாள்? "வயசுக்கு வந்த பிறகு உங்களால சமாளிக்க முடியாது. ஹோம்ல சேர்த்துடுங்க" என்றார் அவர். அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது இருப்பது அவர் நினைவுக்கு வரவில்லை போலும். நான் சேலையை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் சிவன் கோயில் பக்கம் என் அண்ணன் வீடு. அவருக்கு இந்த ஹோம் யோசனை பிடித்துப்போனது. கெட்டவர் இல்லை அவர். அந்தக் கோயில் வைத்தியநாத சுவாமிக்கு அவர் என் மகள் பேரில் செய்யாத அர்ச்சனை இல்லை, வாங்கி வராத விபூதி இல்லை. ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற நினைப்பு அவருக்குச் சாமி பயத்தைவிடப் பெரியது. அவள் வயதுக்கு வந்த சேதி போனதும் அடுத்த பஸ்ஸிலேயே வந்து நின்றார்.

"தாய்மாமன் நான் இருக்கேன். சீரு ஜாம் ஜாம்னு செஞ்சு சடங்க முடிப்போம். முடிஞ்ச கையோட மதுரையில ஹோம்ல விட்ருவோம்."

"மால போட்டு ஒக்கார வச்சு, பொறவு வீட்ட விட்டு அனுப்பவா? எம் பிள்ளய என்ன நேந்துவிட்ட ஆடுன்னு நெனச்சீகளா?"

"ஏட்டி, வாயக் கொறடி. அவ எங்கதான் இருப்பா? நீ செத்த பொறவு யாரு பாப்பா?"

இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அதனாலேயே அவர் மேல் எனக்குக் கோபம் பொங்கியது. சடங்கும் கிடையாது, ஹோமும் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, "ஒங்க அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்குல்லா" என்று இழுத்தார். அன்றைக்கு அவருக்குச் சோறு வைத்தேன், பேச்சு வைக்கவில்லை.

அண்ணன் கேட்பாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து, மேளத்தோடும் சீர்த்தட்டோடும் வந்து இறங்கிவிட்டார். தாய்மாமன் சீரோடு வாசலில் வந்து நின்றுவிட்டால் எந்தத் தங்கையும் திருப்பி அனுப்ப மாட்டாள் என்பது அவர் கணக்கு. என் வீட்டு மாடியிலேயே, என்னைக் கேட்காமலே மைக் செட்டைக் கட்டினார்கள். குழாய் ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது. அதோடு வாசலில் நின்ற பெண்கள் எல்லாரும் சேர்ந்து நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள்.

நான் உள்ளே ஓடிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் அவள் இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

எல்லாரும் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்த்தார்கள். நல்லவேளை, அதில் அவள் இல்லை. அப்புறம் தெருத் தெருவாக ஓடினேன். எங்களுக்குப் பின்தெருவில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கொட்டகை ஒன்று இருந்தது; தறிச் செட் என்போம். அவளைக் கூட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றித்தான் போவேன். சத்தமே ஆகாத பிள்ளை அங்கே போவாள் என்று யார்தான் நினைப்பார்கள்? அந்தச் செட் வாசலில் நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

உள்ளே வரிசையாகப் பவர்லூம்கள் ஓடிக்கொண்டிருந்தன. காதுக்குள் கத்தினாலும் கேட்காது. சுவரோரம் ஒரு துணிக்கட்டின் மேல் என் மகள் உட்கார்ந்திருந்தாள். தலையெல்லாம் பஞ்சுப் பிசிறு. ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கை மடியில் கிடந்தது, வாயில் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு ஆகாதது சத்தம் இல்லை, திடீரென்று வருகிற சத்தம். தறி ஒரே சீராக ஓடுகிற இடத்தில் எந்தச் சங்கும் எந்தக் குலவையும் அவளை எட்ட முடியாது. நாங்களோ அவளுக்காக வீட்டை அமைதியாக வைத்து வைத்து, ஒவ்வொரு சத்தத்தையும் இடியாக ஆக்கியிருந்தோம்.

அண்ணன் செட் வாசலில் வந்து நின்று கத்தினார். வாய் திறந்து திறந்து மூடியதே தவிர ஒரு சொல்லும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் அண்ணன் திட்டியது எனக்குக் கேட்கவில்லை, சுகமாக இருந்தது. சீரை அப்படியே வேனில் ஏற்றிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு பேச்சை விட்டுவிட்டார்.

மகளை அங்கே உட்கார விடச் சொல்லி, மறுநாளே செட் முதலாளியிடம் போய் நின்றேன்.

"தறிச் செட்டு என்ன ஆஸ்பத்திரியாம்மா?" என்றார்.

"ஆஸ்பத்திரிதான் கைய விரிச்சிருச்சே அண்ணாச்சி."

"பாவாட பெல்ட்டுல சிக்குனா யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்டது நியாயம். அதனால் தறிப் பக்கம் வேண்டாம், பக்கத்தில் பேண்டேஜ் சுருட்டுகிற அறை போதும் என்றேன். "நானும் கூடவே இருந்து சுருட்டித் தாரேன். அவ சும்மா ஒக்காந்திருப்பா." அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "சர்லே" என்று அரைமனதாகச் சம்மதித்து முனகிக்கொண்டு உள்ளே போனார். மனது மாறிவிடப் போகிறதென்று அன்றைக்கே உட்கார்ந்துவிட்டோம்.

அவள் சும்மா இருக்கவில்லை. என்னைப் பார்த்துப் பார்த்துத் துணியைச் சுருட்டத் தொடங்கினாள். முதலில் எல்லாம் கோணல் மாணலாக வரும். பிரித்துத் திரும்பச் சுருட்டுவோம். அங்கே வேலை பார்த்த பெண்களுக்கும் கொஞ்ச நாளில் அவள் பழகிப்போனாள். பின்னாலிருந்து தொடக் கூடாது, முன்னால் வந்து கையைக் காட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். கரண்ட் போகிற நேரம்தான் கண்டம். தறி எல்லாம் பொசுக்கென்று நின்றுவிடும். உடனே எவளாவது ஒருத்தி "ஏட்டி, கரண்டு போச்சு!" என்று கத்துவாள். அங்கே அது ஒரு வழக்கம். என் மகள் துணிக்கட்டுக்குப் பின்னால் பாய்ந்துவிடுவாள். அதற்காக நாங்கள் நின்றுவிடவில்லை. கரண்ட் வந்ததும் மறுபடி உட்காருவோம். மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டிப் பாதியாகக் குறைத்தோம்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு புரட்டாசி சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை மலைக்கோயிலில் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு அந்த நாமத்தோடு என் அண்ணன் வந்தார். கையில் ஒரு பை. தாய்மாமன் சீர் செய்யாமல் விட்டது அவரை அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

"மேளம் வேண்டாம், மைக் செட்டு வேண்டாம். சீர மட்டும் செஞ்சுட்டுப் போறேன்டி."

"ஹோம்னு ஒரு சொல்லு வந்துச்சுன்னா தட்டோட திருப்பி அனுப்புவேன்."

"சொல்லல."

"அப்ப செட்டுக்கு வாங்க. அவ அங்கதான் இருப்பா."

முகத்தைச் சுளித்தார், ஆனாலும் வந்தார். சுருட்டுகிற அறையில், தறிகள் அலற அலற, மருமகளுக்குப் பட்டுத் தாவணியைத் தோளில் போட்டு மாலை போட்டார். கூட வேலை பார்க்கும் பெண்கள் சுற்றி நின்று குலவை போட்டார்கள். உதடுகளும் நாக்குகளும் ஆடியது தெரிந்தது. சத்தம் தறியோடு போய்விட்டது. என் மகள் அவர்கள் வாயையே பார்த்துச் சிரித்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் செத்தன. குலவை மட்டும் மொட்டையாக அறை முழுக்க அலறியது. பெண்கள் பதறிப்போய் வாயைப் பொத்தினார்கள். நான் கொல்லைக் கதவையும் கிணற்றையும் நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

அவள் இரண்டு காதையும் பொத்தினாள். மணிக்கட்டு வாய்வரை போனது, அங்கேயே நின்றது. அணைந்த பல்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தச் செட்டில் யாரும் கத்தாத அளவுக்குக் கத்தினாள்.

"ஏட்டி, கரண்டு போச்சு!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அண்ணன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "இவளா இம்புட்டுச் சத்தமாப் பேசுதா?"

"இங்க வேல பாக்குறவுக எல்லாரும் அப்படித்தாண்ணே கத்துவாக" என்றேன். "சன்னல் வெளிச்சத்த மறைக்காதீக. அவளுக்கு வேல கெடக்கு."

அண்ணன் நகர்ந்து நின்றார். மாலையைக் கழற்றாமலே அவள் அடுத்த துணியை எடுத்தாள்.