என் சட்டைப்பையில் இருந்த மஞ்சள் மாத்திரை

என் மனைவியைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் ஒரே கேள்வியை என்னிடம் நான்கு பேர் கேட்டார்கள். வீட்டில் அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்? கீழே அவசரப் பிரிவில் ஒருவர் கேட்டார், மேலே வார்டில் ஒருவர், அப்புறம் டியூட்டி டாக்டர், அப்புறம் கையில் அட்டையோடு ஒரு நர்ஸ். நான்கு பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். சர்க்கரைக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, அடிக்கடி ஒன்றுக்குப் போவதால் தனி டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தது ஒன்று. மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டுக் கையோடு கொண்டு போயிருந்தேன். நாலாங்கிளாஸ் தாண்டாதவன் இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறானே என்று ஒருவராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

என் மனைவி சேக்காட்டில் எங்கள் வீட்டு பாத்ரூமில் தலை சுற்றி விழுந்தாள். இடது மணிக்கட்டில் விரிசல். மாவுக்கட்டு போட்டு, தலைசுற்றல் எதனால் என்று பார்க்க இரண்டு நாள் இருக்கச் சொன்னார்கள். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். எழுபத்திரண்டு வயதில் ஸ்டூலில் உட்காருவது என்பது ஒரு தனி வேலை. முதுகு சாய இடமில்லை, காலை நீட்டினால் தள்ளுவண்டிக்காரர் முறைப்பார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போனவன் நான். எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர். இரும்பு கடைகிற லேத் மெஷினை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை, பார்த்தே பிடித்துக்கொண்டேன். நாற்பது வயதில் சொந்தப் பட்டறை. இன்று அதே எஸ்டேட்டில் என் ஷெட்டில் பதினோரு பேர். நான் தொட்ட வேலை இதுவரை திரும்பி வந்ததில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஓர் எண்ணெய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். அது பட்டுப் பட்டு முழங்கை வரை அரிக்கும். அதற்கு மெடிக்கல் கடையில் கேட்டாலே கொடுக்கிற சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்று உண்டு. முப்பது வருஷமாக அதைச் சட்டைப்பையில் பொட்டலமாக வைத்திருக்கிறேன். ஷெட்டில் யாருக்கு அரித்தாலும், தும்மினாலும் என்னிடம்தான் கை நீட்டுவார்கள். "அண்ணாத்தே, மஞ்சா ஒண்ணு குடு" என்பார்கள். எந்த டாக்டருக்கும் அப்படி ஒரு பெயர் கிடையாது.

மனைவி விழுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவளுக்குக் கையிலும் முதுகிலும் அரிப்பு. கொடுத்தேன். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று. அரிப்பு நின்றது.

"வாயெல்லாம் ஒட்டிகினு கீதுய்யா. வாணாம் இது" என்று அவள் ஒருநாள் சொன்னாள்.

"தண்ணி குடி, சரியாப் பூடும். முப்பது வருசமா நான் துன்றேன், எனக்கு இன்னா ஆயிட்ச்சி?"

"நீ இரும்பத் துன்னாலும் செரிக்கும். நான் மனுசி" என்றாள். அப்புறம் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலை அவள் போர்வையின் ஓரத்தை நூல் பிரிப்பது மாதிரி பிய்த்துக்கொண்டிருந்தாள். டீயை ஊற்றி நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருங்க நீங்க? எங்க ஊட்டுக்காரரு லேத்துக்குப் போயிக்கிறாரு. வர்ற நேரம். நீங்க இங்கல்லாம் குந்தக்கூடாது, எழுந்துக்குங்க."

முதலில் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் விளையாடவில்லை. மரியாதையாகப் பேசுகிறாளே, அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்பத்தாறு வருஷத்தில் என்னை அவள் நீங்க என்று கூப்பிட்டது கிடையாது.

மத்தியானம் வரை அப்படியே. இறந்துபோன அவள் அம்மாவைக் கூப்பிட்டாள். மாவுக்கட்டைக் கழற்றப் பார்த்தாள். டியூட்டி டாக்டர் வந்து, வயசானால் வருகிற மறதி வியாதியாக இருக்கலாம் என்றார். அடங்கி இருக்க ஒரு மாத்திரை எழுதுவதாகச் சொன்னார். என் மகன் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி லேபில் வேலை செய்கிறான். லீவு போட்டு வந்தவன் என்னை வராண்டாவுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"நைனா, கோச்சிக்காத. இப்டியே இருந்தா ஊட்ல யார் பாத்துக்குறது? நானும் உன் மருமவளும் வேலைக்குப் போறோம். நசரத்பேட்டை பக்கம் இந்த மாதிரி ஆளுங்கள வெச்சிப் பாத்துக்குற எடம் ஒண்ணு கீதாம். நாளைக்குப் போயிப் பாத்துட்டு வந்துடறேன்."

நான் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வயதான பெண் டாக்டர் ஒருவர் வந்தார். அடங்கி இருக்க எழுதிய மாத்திரையைக் கொடுத்துவிட்டீர்களா என்று முதலில் நர்ஸிடம் கேட்டார். இன்னும் இல்லை என்றதும், வேண்டாம், நிறுத்துங்கள் என்றார். என் மனைவியிடம் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வெயிலில் போட்ட தோல் மாதிரி இருந்தது. அடிவயிற்றில் கை வைத்து அழுத்தினார். பிறகு அவள் கையைத் திருப்பி, ஆறிப்போன நகக்கீறல்களைப் பார்த்தார்.

"அரிப்பு இருந்துதா ஐயா? அதுக்கு என்ன குடுத்தீங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. மாத்திரை என்று கேட்டால் அந்த மஞ்சள் என் கணக்கிலேயே வராது. அது எனக்கு வெற்றிலை பாக்கு மாதிரி. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஷெட்டில் எத்தனை பேருக்கு அரிப்பை நிறுத்தியிருக்கிறேன் என்று ஆரம்பித்து, பையிலிருந்து பொட்டலத்தையே எடுத்துப் பிரித்துக் காட்டினேன்.

அவர் குறுக்கே பேசவில்லை. நான் முடித்த பிறகு கேட்டார். "இங்க வந்த பிறகும் குடுத்தீங்களா?"

"குடுத்தேம்மா. வேளை தவறாம. டீயோட."

"அம்மா ஒண்ணுக்குப் போறதக் குறைக்க ஒரு மாத்திரை சாப்பிடறாங்க. அதுவும் இதுவும் ஒரே மாதிரி வேலை செய்யும். வாய் காயும், மலம் கட்டும், சிறுநீர் வயித்துலயே தங்கிடும், புத்தி கலங்கும். சின்ன வயசுக்காரங்க தாங்குவாங்க. இந்த வயசுல தாங்காது. விழுந்ததுகூட இதனால இருக்கலாம். அந்த இன்னொரு மாத்திரையை நாங்களும் இங்க நிறுத்தாம குடுத்துட்டிருந்தோம். அது எங்க தப்பு."

"மறதி வியாதி இல்லியா?"

"இப்பவே சொல்ல முடியாது. ரெண்டையும் நிறுத்திட்டுப் பார்ப்போம். பெரும்பாலும் தெளிஞ்சிடுவாங்க. சில பேர் முழுசாத் திரும்பறதில்ல."

பொட்டலத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன். அன்றே டியூப் போட்டுத் தேங்கியிருந்ததை எடுத்தார்கள். பை நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவையும் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தாள், எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

மகனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். டாக்டர் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவன் காலையில் நசரத்பேட்டை கிளம்பிவிடுவானே. போன் போட்டுச் சொன்னேன்.

"நீதான் பெரிய டாக்டராச்சே, நைனா" என்றான்.

"வைடா போன. ரெண்டு நாள் பொறு. அந்த எடத்துக்குப் போவாத" என்றேன்.

அந்த இரண்டு நாளில் பக்கத்துக் கட்டில்காரர், ஷெட் எப்படி ஓடுகிறது என்று கேட்டதற்குக்கூட ஏதோ ஓடுகிறது என்று முடித்துக்கொண்டேன். அவள் தூங்கினாள், விழித்தாள், என்னை யாரோ ஒரு பெரியவர் என்று நினைத்துச் சாப்பிட்டீர்களா என்று விசாரித்தாள். சாப்பிட்டேன் என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

மாத்திரைகளை நிறுத்திய மூன்றாம் நாள் காலை டீயை நீட்டினேன். வாங்கவில்லை. டம்ளரையே பார்த்தாள்.

"இதுல இன்னா போட்டுக்கிற?"

"சக்கரகூடப் போடல."

"நெசமாச் சொல்லுய்யா. உன்ன நம்ப முடியாது."

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். முட்டி மரத்துப்போச்சு என்று அவளிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மாதம் ஒன்று ஆகிறது. மணிக்கட்டு கூடிவிட்டது. அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறாள். சில நாள் அடுப்பில் வைத்ததை மறக்கிறாள், சில சாமான் பெயர் வர நேரம் பிடிக்கிறது. அது முன்பே இருந்ததா, என் கையால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. டாக்டரிடமும் கேட்கவில்லை.

டாக்டர் எழுதிய தாள் பிளாஸ்டிக் உறையில் என் சட்டைப்பையில் இருக்கிறது, பொட்டலம் இருந்த இடத்தில். இங்கிலீஷில் இருப்பதை மகன் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறான். இப்போது மூன்றே மாத்திரை. ஒவ்வொரு வேளையும் அவள் உள்ளங்கையில் வைக்கும்போது கேட்கிறாள்.

"இது அந்தத் தாள்ல கீதா?"

முப்பது வருஷம் என் வேலையை யாரும் அளவு வைத்துச் சரிபார்த்ததில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளை எடுத்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டுகிறேன். அப்புறம்தான் வாயில் போடுகிறாள். காலையில் ஒரு தடவை, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை.