கூரையில ஒரு தட்டு

இது கட்டுக்கதை இல்லைங்க. சத்தியமா நடந்தது. தொண்ணூத்தெட்டு மார்கழி, கலஹாவுல இருந்து கண்டிக்கு எறங்குற ரோட்டுல.

அக்குறணை நஸீம் அந்த லொறிக்கு டிரைவராச் சேர்ந்து ஒரு வாரம்தான். லொறி குண்டசாலை கறுப்பையா முதலாளியோடது. பேராசை புடிச்ச மனுசன். அன்னைக்கும் உருளைக்கிழங்கு மூட்டைய டிரைவர் தலைக்கு மேல இருக்கிற கூரையையும் தாண்டி ஒரு முழம் அடுக்கி, ஒத்தக் கயித்துல கட்டச் சொன்னாரு. பனி கொட்டுது, ரோடு வழுக்குது, இந்தப் பாரத்துக்கு பிரேக் புடிக்காதுன்னு நஸீம் சொல்லிப் பாத்தான். பயமா இருந்தா வேற வேல தேடிக்கன்னுட்டாரு. நஸீமோட பொஞ்சாதி புள்ள பெத்து நாப்பது நாள் கழியல. இந்த வேலைய விட்டா வீட்டுல அடுப்பு எரியாது. அல்லாஹ் மேல பாரத்தப் போட்டுட்டு ஏறுனான். முதலாளி பக்கத்துல குந்துனாரு.

மூட்டை மேல யாரும் ஏறல. அத நஸீமே பாத்தான்.

சாயந்திரம் அஞ்சே கால். ஹெட்லைட் போட்டும் முன்னால ஒண்ணும் தெரியல. பிரேக் கருகுற வாடை வேற. அப்பதான் கூரையில கேட்டுச்சு.

டொக்.

லொறிக்காரங்களுக்கு இது பழகின பாஷை. மேல இருக்கிறவங்க ஒருக்காத் தட்டினா நிப்பாட்டணும். ரெண்டு தட்டுன்னா போகலாம். நஸீமோட கால் தன்னால பிரேக்குக்குப் போச்சு.

"நிப்பாட்டாத. போ," முதலாளி சொன்னாரு.

அந்தக் குளிர்ல அவருக்கு வேர்த்துச்சு...

டொக்.

"மேல யாரு முதலாளி?"

"யாருமில்ல. போடா."

டொக். இப்ப நஸீம் தலைக்கு நேர் மேல.

ஓரங்கட்டினான். ஹேண்ட்பிரேக்க இழுத்தான். எறங்கி, டயர் சில்லுக்கு முன்னால கல்லும் வச்சான். அண்ணாந்து பாத்தான். மூட்டை மட்டும்தான்...

முதலாளியும் எறங்கப் பாத்தாரு. கதவு தொறக்கல.

டொக். டொக்.

ரெண்டு.

லொறி நகந்துச்சு.

கல்லு மேல ஏறி... பனிக்குள்ள போயிருச்சு.

மரத்துல மோதுற சத்தம். அப்புறம்... ஒண்ணுமில்ல.

மறுநாள்தான் அந்த வளைவுல டீக்கடை வச்சிருக்கிற நல்லம்மா விசயத்தச் சொன்னா. ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே எறக்கம். முதலாளியே ஓட்டியிருக்காரு. ரெண்டாவது கயிறு கட்டச் சோம்பல்பட்டு, மேல மூடின படங்குத் துணி பறக்காம இருக்க, தேயிலைத் தோட்டத்துல வேல செய்யுற ரத்தினம்மாவ மூட்டை மேல குந்த வச்சிருக்காரு. கயிறு அவுந்திருக்கு. அவ தட்டியிருக்கா, தட்டியிருக்கா... மனுசன் நிப்பாட்டல. மூட்டையோட மூட்டையா விழுந்து செத்தா. 'அவ எனக்குத் தெரியாம ஏறிட்டா'ன்னு பொலிஸ்ல சொல்லித் தப்பிச்சிருக்காரு, பாவி.

நஸீமுக்கு அதுகூடப் பயமில்ல. அன்னைக்கு ராத்திரி முதலாளி பொணத்த எறக்கினப்ப அவனும் கூட நின்னான். லொறிக் கதவு சாத்தினபடி இருந்துச்சு. கண்ணாடி ஒடையல. ஆளு உள்ள இல்ல.

மூட்டை மேல குந்தியிருந்தாரு. கயிறு இடுப்பச் சுத்தி இறுக்கி இருந்துச்சு. கை ரெண்டும் கூரையில. விரல் முட்டியில தோலே இல்ல.