படூரில் ஏறும் மேடம்

படூரில் ஏறும் அந்த மேடத்தின் பெயரை நான் கேட்டதில்லை. சிறுசேரி கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். அவருக்கு நாற்பது வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே எப்போதும் கறுத்திருக்கும். ஏறியதும் ஹெட்செட்டை மாட்டி மீட்டிங்கில் பேச ஆரம்பித்துவிடுவார். என்னிடம் பேசினாலும் முதலில், "நான் பேசுறது கேக்குதா?" என்பார். அப்புறம்தான், "ஏசியைக் குறைங்கண்ணா" என்பார்.

ஒருநாள் காலை சொல்லிவிட்டேன். "முன் சீட்லதானே கீறேன் மேடம், எப்டி கேக்காம பூடும்? வூட்லயும் இப்டித்தானா?"

சிரிப்பார் என்று நினைத்தேன்.

"ஆமாண்ணா. நேத்து பாப்பாவைக் கொஞ்சும்போதுகூட அப்படித்தான் கேட்டேன்."

கம்பெனி வாசலில் மற்றவர்கள் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை.

"இன்னா மேடம், உடம்பு சரியில்லியா?"

"தெரியலண்ணா. இந்த கேட்டைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்குது. ரொம்ப நாளாவே இப்படித்தான்."

பிறகு போனை எடுத்து, "இன்னிக்கு வரல சார். டாக்டரைப் பார்க்கப் போறேன். கொஞ்ச நாள் லீவு வேணும்" என்றார். நான் வண்டியைத் திருப்பினேன்.

இரண்டு மாதம் அவர் சீட்டு காலியாகவே வந்தது. வேலையை விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

போன வாரம் படூரில் நின்றிருந்தார். முகம் தெளிந்திருந்தது. ஏறியதும் போன் அடித்தது. "ஆபீஸ் போய்ப் பேசிக்கலாம்" என்று பைக்குள் போட்டுவிட்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தார்.

"அண்ணா, இங்க ஏரி இருக்குதா?"

"எப்பவும் அங்கதான் கீது மேடம்."

மூன்று வருடமாக அந்த வழியில்தான் வந்துகொண்டிருந்தார். ஏரி தாண்டும்வரை வண்டியை மெதுவாக ஓட்டினேன்.