கால் ஊதிய வருஷம்

எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் செங்குத்தான மேமலைக்குக் கொழுந்து எடுக்க என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். காலையில் தடியாகத் தட்டிய ரொட்டி இரண்டு, பாலில்லாத சாயத் தண்ணி ஒரு கோப்பை. அந்த மாவு வயிற்றில் கிடந்தால் நிறைந்த கூடையோடு நிற்காமல் ஏறுவேன். கையும் காலும் அப்போது உலக்கை மாதிரி இருக்கும்.

பிறகு பங்கீட்டில் மாவையும் அரிசியையும் குறைத்த காலம் வந்தது. கிடைத்த ரொட்டியைப் பிள்ளைகளுக்குப் பிய்த்துக் கொடுத்துவிட்டு, நான் கீரையை அவித்து உப்புப் போட்டுத் தின்றேன். வயிறு நிறையும், கால் நகராது. தோள் எலும்பை ரவிக்கை மறைத்தது. முகமும் காலும் ஊதத் தொடங்கின. பசி வீக்கம் என்று எனக்குத் தெரியும். கங்காணிக்கு அது சதையாகத் தெரிந்தது.

"என்னா புள்ள, தோட்டமே காயுது, நீ மட்டும் பூசினாப்புல இருக்க. மாவ எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"நாங்க தின்னு வளந்தவங்க கங்காணி, அப்படித்தான் இருப்போம்" என்றேன்.

"அப்ப மேமலைக்குப் போ."

ஒரு நாள் வேலையை நாங்கள் பேரு என்போம். கொழுந்து குறைந்தால் அரைப் பேருதான். முடியவில்லை என்று சொன்னாலும் அதே அரைப் பேரு, பிள்ளைகளின் ரொட்டியும் பாதியாகும். தோட்டத்தை விட்டுப் போகலாம் என்றால், படுக்கிற ஒற்றை அறை, அந்த லயத்துக் காம்பராவும் தோட்டத்துடையது.

பக்கத்து நிரையில் எடுத்தவள் மெதுவாகச் சொன்னாள். "கங்காணிக்கிட்ட காலக் காட்டுக்கா. அமுக்குனா குழி விழுந்து அப்படியே நிக்குதே."

"நீ பேசாம எடு" என்று இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கணுக்கால் வரை இறக்கி விட்டேன்.

பாதி மலையில் கால் நின்றுவிட்டது. மேலே ஏறவும் முடியவில்லை, கூடையோடு கீழே இறங்கவும் முடியவில்லை. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். கீழிருந்து கங்காணி கத்துவது கேட்டது.

பக்கத்து நிரைக்காரி ஏறி வந்து, மடியிலிருந்து அவித்த மரவள்ளித் துண்டு ஒன்றை எடுத்து என் வாயருகே நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பினேன்.

"தின்னுக்கா. பெருமைய மேல போய்த் தூக்கிக்கலாம்."

தின்றேன். மென்று விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கால் என் பேச்சைக் கேட்டது. சாயந்திரம் தராசில் என் கூடை குறையவில்லை.

"பாத்தியா, தின்ன ஒடம்பு" என்று கங்காணி சிரித்தார். முழுப் பேரு போட்டார்.

அதனால் மறுநாளும் எனக்கு மேமலைதான்.