வாய் பேசாத பிள்ளையைப் பற்றிய அறிவிப்பு

குருநகர் அக்கா தன் மீன் கடகத்தை எங்கள் கிணற்றடிச் சீமெந்தில் இறக்கிவைக்கும் சத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஈரமான பனையோலைப் பெட்டி சீமெந்தில் உரசும் சத்தம். அது கேட்டதும் என் மகள் எதைச் செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு ஓடிவருவாள். அப்போது அவளுக்கு மூன்று வயதாகவில்லை. எங்களுக்குத் திருமணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை.

குருநகரில் குண்டுகள் விழத் தொடங்கிய பிறகு அந்த அக்கா கணவரோடும் பிள்ளைகளோடும் அரியாலைக்கு வந்து, எங்கள் ஒழுங்கையில் ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டில் இருந்தார். கடலுக்குத் தூரமாகப் போக முடியாத காலம். கணவர் களப்பில் இடுப்பளவு நீரில் நின்று வலை போட்டுக் கொண்டுவருவதை அக்கா வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். அவருக்கு நான்கு பிள்ளைகள். எனக்கு ஒன்று. நான் மேல் வகுப்புகளுக்குத் தமிழ் படிப்பித்தவன்; ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். எங்கள் இருவரில் பிள்ளை வளர்க்கத் தெரிந்தவர் யார் என்பதில் அப்போது எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கடகம் இறங்கும்போதெல்லாம் வீட்டில் யாராவது “அக்கா வந்திட்டா” என்று சொல்வோம். அதை வைத்து மகள் கடகத்துக்குள் கிடப்பதன் பெயர்தான் அக்கா என்று முடிவுசெய்துவிட்டாள். ஒருநாள் மனைவியின் சேலையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அக்கா பொரிச்சுத் தாங்கோ” என்றாள்.

குருநகர் அக்கா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “என்னைப் பொரிக்கிறதெண்டால் யாழ்ப்பாணத்தில இருக்கிற எண்ணெய் காணாது குஞ்சு.”

நான் சிரிக்கவில்லை. பிள்ளையைக் கூப்பிட்டு, அக்கா என்றால் ஆள், இது மீன், எங்கே சொல்லு என்று மூன்று தரம் சொல்லவைத்தேன். அக்கா ஒன்றும் திருத்தவில்லை. ஒரு சூடை மீனை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, “இந்தா, சூடை. வழுக்கும், கவனம்” என்று மட்டும் சொன்னார். இரண்டு கிழமை கழித்து, “அக்கா சூடை கொண்டந்தவ” என்று மகளே வந்து சொன்னாள். என் படிப்பித்தலின் பலன் என்று எண்ணிக்கொண்டேன்.

யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு மொழி அவளிடம் வளர்ந்துகொண்டிருந்தது. போனன் என்று சொல்லலாமென்றால் வந்தன் என்பதற்கு வானன் என்றும் சொல்லலாம் என்பது அவள் கணக்கு. இன்றைக்கு அல்லாத எல்லா நாளும் அவளுக்கு நாளைக்கு. ‘படி’ என்றால் சிலவேளை புத்தகம், சிலவேளை வாசற்படி. எது என்பதை என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். என் முகம் இறுகியிருந்தால் புத்தகம். எவ்வளவு கூர்மையான வேலை அது என்று இப்போது வியக்கிறேன். அப்போது எனக்குப் பிழைகள் மட்டுமே கேட்டன.

அந்த வருடங்களில் எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளை இருந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாடம் நடந்தது. ஓட வேண்டி வந்து பிள்ளை கைதவறிப் போனால் கண்டெடுப்பவருக்குச் சொல்வதற்காக, தன் பெயர், தகப்பன் பெயர், ஊர், ஒழுங்கை எல்லாவற்றையும் பாடமாக்குவோம். மற்ற வீடுகளில் அது சோறு தீத்தும்போது பாட்டுப்போல நடந்தது. நான் அதைப் பரீட்சையாக்கினேன். பின்னேரங்களில் மகளை நேராக நிற்கவைத்து, கைகளைக் கீழே விடச்சொல்லி, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்பேன். முழு வசனமாக மறுமொழி வரவேண்டும். நடுவில் ஒன்று பிசகினால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அடித்ததில்லை. ஆனால் “பிழை” என்று நான் சொல்லும் விதம் அடிக்குக் குறைந்ததல்ல என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

ஒருநாள் குருநகர் அக்கா மீன் அரிந்துகொண்டே இதைப் பார்த்திருந்தார். “அவ சொல்லுறது எங்களுக்கு விளங்குதுதானே மாஸ்டர். பிறகேன் உப்பிடி அந்தரப்படுறியள்?”

“உங்களுக்கு விளங்கும். துலைஞ்சு போனால் முன்பின் தெரியாத ஆளுக்கு விளங்கவேணுமே?”

அவர் அடுத்த மீனை எடுத்துச் செதிலை வழித்தார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில் இராணுவம் நெருங்கி, வலிகாமத்துச் சனம் முழுவதும் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். விடிந்தபின்பும் நாவற்குழிப் பாலத்தை அண்டமுடியவில்லை. மழை. முன்னாலும் பின்னாலும் ஆட்கள். சைக்கிளின் பின்னால் மூட்டைகள், முன் பாரில் மகள், பக்கத்தில் மனைவி. பாலத்துக்குச் சற்று முன்னால் சங்கிலி கழன்றது. மகளை இறக்கி, என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நில் என்று சொல்லிக் குனிந்தேன். யாரோ தள்ள, சைக்கிள் மூட்டைகளோடு சரிந்தது. நானும் மனைவியும் அதைத் தூக்கி நிறுத்தித் திரும்பியபோது பிள்ளை இல்லை.

அந்த இடத்தை இதற்குமேல் எழுத என்னால் முடியவில்லை.

பாலத்தைக் கடந்து வந்து, மனைவியைச் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருத்திவிட்டு, வீதி வீதியாகத் தேடினேன். என் மனதில் ஒரே ஒரு பிடிதான் இருந்தது: அவளுக்குச் சொல்லத் தெரியும். யாரிடம் அகப்பட்டாலும் எல்லாவற்றையும் சொல்வாள். பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வான் ஒன்று கண்டெடுத்த பிள்ளைகளின் விபரங்களை அறிவித்துக்கொண்டு வந்தது. மகளின் பெயருக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. கடைசியாக, மூன்று வயது மதிக்கத்தக்க, வாய் பேசாத பெண்பிள்ளை ஒன்று இன்ன பள்ளிக்கூடத்தில் இருக்கிறது என்றார்கள். பாவம், அதைப் பெற்றவர்கள் எப்படித் தவிக்கிறார்களோ என்று நினைத்தபடி மற்றப் பக்கம் நடந்தேன். அடுத்த நாள் காலையும் அதே அறிவிப்பைக் கேட்டேன். அப்போதும் நடந்தேன்.

அன்று மத்தியானம் ஒரு கிணற்றடி வரிசையில் குருநகர் அக்காவைக் கண்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

“அந்த வாய் பேசாத பிள்ளையைப் போய்ப் பாத்தனீங்களோ?”

“எங்கடை பிள்ளை நல்லாக் கதைப்பாள் அக்கா.”

“என்னோடை கதைப்பாள். ஆராவது பேர் கேட்டால் வாயை இறுக்கிப்போடுவாள். மீன் வாங்க வாற சனம் கேக்கேக்கை எத்தினை தரம் பாத்தனான். உங்களுக்குத் தெரியாதோ மாஸ்டர்?”

எனக்குத் தெரியாது. வரிசையில் வாளியை விட்டுவிட்டு அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.

வகுப்பறை மூலையில் சாக்கு ஒன்றின் மேல், யாரோ கொடுத்த பெரிய சட்டையோடு மகள் இருந்தாள். பதிவு எழுதும் பெண், எவ்வளவு கேட்டும் பிள்ளை வாய் திறக்கவில்லை, அதனால்தான் அப்படி எழுதினோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் என்னைக் கண்டாள். ஓடிவரவில்லை. எழுந்து சட்டையைக் கீழே இழுத்துவிட்டு, நேராக நின்று, கைகளைத் தொங்கவிட்டாள். பிறகு தொடங்கினாள். தன் பெயர். என் பெயர். ஊர். ஒழுங்கை. முழு வசனங்களாக, ஓர் எழுத்துப் பிசகாமல், கடைசி வரைக்கும். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டாள். சரி என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

குருநகர் அக்காதான் நிலத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார். “நடந்து நடந்து எனக்குக் காலெல்லாம் நோகுது குஞ்சு” என்றார். அது கேள்வியல்ல. மகள் அந்தக் கால்களைப் பார்த்தாள். பிறகு கிட்டப் போய் மடியில் இருந்தாள். “நானும் நடந்து வானன்” என்றாள். “சைக்கிள் விழுந்தது. அப்பா துலைஞ்சு போட்டுது. நான் தேடினனான்.” ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. அக்கா ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில்தான் அவள் அழுதாள்.

குருநகர் அக்கா திரும்பவும் தன் ஊர்க் கரைக்கே போய்விட்டார் என்று கேள்வி. மகள் இப்போது உயர்தர வகுப்பு. வாய் ஓயாமல் கதைப்பாள். தாயும் மகளும் அந்தக் கதையைச் சிலவேளை பேசுவார்கள். அக்கா அறிவிப்பைக் கேட்டுவந்து சொன்னதால் பிள்ளை கிடைத்தது என்பதுதான் மனைவி அறிந்தது. முதல் நாள் பின்னேரமே அந்த வான் என்னைக் கடந்து போனதை, நான் நின்று கேட்டதை, யாரோ ஒருவரின் பிள்ளைக்காக இரங்கிவிட்டு மற்றப் பக்கம் நடந்ததை அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும் முதலில் மனைவியிடம்தான் வாசிக்கக் கொடுக்கவேண்டும்.