சவுக்காரம் போட்டுக் கழுவிய பில்டர்

களுதாவளைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். செட்டிபாளையத்தில் ஒரு வீட்டின் கேற்றைச் சாத்திவிட்டு வெளியே வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு பஸ்கள் தாண்டிப் போயின. கை காட்டவில்லை. ஏறினால் எங்கே இறங்குவது என்று தெரிய வேண்டுமே!

வேலையை ஒழுங்காகச் செய்யாமல் விரட்டப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அளவுக்கு மீறிச் சுத்தமாகச் செய்து விரட்டப்பட்ட ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? அன்று ரோட்டோரமாக ஒரு பையோடு போனது அந்த ஆள்தான்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இறால் பண்ணை, அரிசி ஆலை, மோட்டர் திருத்தும் கடை... எதிலும் ஒரு வருஷம் முழுதாக நின்றதில்லை. இந்த முறை கிடைத்தது — மீன் குளம் பார்க்கும் வேலை.

வீடு மலர் அக்காவுடையது. கணவர் கட்டாரில், ஒரு ஹோட்டலில் நீரூற்றுகளின் பம்புகளைப் பார்த்துக்கொள்பவர். போன லீவில் வந்தபோது வீட்டுக்குப் பின்னால் சீமெந்தில் ஒரு குளம் கட்டி, கோய் என்னும் அலங்கார மீன்கள் பத்தொன்பதை விட்டுவிட்டுப் போனார். தினமும் பின்னேரம் வீடியோ கோல் வரும்.

"என்ட முகத்தப் பாக்க எண்டு நினைக்காதீங்க தம்பி. 'போன அங்கால திருப்பு, மீனக் காட்டு' எண்டுதான் முதல் கதை," என்பார் அக்கா.

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் பம்ப் நின்றுபோன நாட்களில் அந்தக் கோலை எடுக்கவே பயப்படுவார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருக்கும் இரண்டு பேர் சண்டை இல்லாமல் பேச, அந்த மீன்கள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன.

பம்ப் ஏன் அடைக்கிறது? மாவிலை, பாசி, மீன் தின்னாமல் விட்ட தீனி — எல்லாம் அடியில் சேறாகிப் பம்பின் வாய்க்குள் போகும். நான் பம்பை ஒரு கல்லின் மேல் தூக்கி வைத்தேன். வெங்காயம் வரும் வலைப்பையை அதற்குச் சட்டையாகப் போட்டேன். தீனியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். நாலு நாளைக்கு ஒருமுறை நின்ற பம்ப் ஒரு மாதம் நிற்காமல் ஓடியது. எட்டாம் வகுப்புக்காரனுக்குத் தலைக்கனம் வர இவ்வளவு போதாதா?

பிறகு கோயிலில் கொடியேறும் நாள் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் அதற்கு முன் வீட்டில் கழுவாத பொருள் என்று ஒன்றும் மிஞ்சக் கூடாது. ஜன்னல், பாய், சட்டி, பானை, கடைசியில் வாசலுக்கு மஞ்சள் தண்ணீர்.

"தம்பி, அந்தப் பில்டர் பரலையும் கழுவி விடுங்க. ஒரே ஊத்தையாக் கிடக்கு. கொடியேறக்குள்ள இந்த நாத்தத்தோட வீடு கிடக்கலாமா?" என்றார் அக்கா.

பரல் என்பது பம்ப் அனுப்பும் குளத்துத் தண்ணீரை வடிக்கும் நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். அதற்குள் ஸ்பொஞ் கறுத்து வழுவழுவென்று இருந்தது. அதன் அடியில் போட்டிருந்த உடைந்த ஓட்டுத் துண்டுகளில் பழுப்பு நிறப் பசை. உடுப்புத் தோய்க்கும் சவுக்காரத் தூள் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்பப் பரலுக்குள் போட்டேன். ஸ்பொஞ் கடையில் வாங்கிய மஞ்சளுக்கே திரும்பிவிட்டது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போல இருந்தது.

மூன்றாம் நாள் விடிய, மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மதியத்துக்குள் பதினொன்று மிதந்தன. பம்ப்? அது அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

பின்னேரம் கணவரின் கோல் வந்ததும் அக்கா போனை என்னிடம் தந்தார்.

"பில்டருக்கு என்ன செய்தீங்க?"

"கழுவினனான் அண்ணன்."

"என்னத்தால?"

"சவுக்காரத் தூளால..."



"அது ஊத்தை இல்ல தம்பி. மீன்ட கழிவத் திண்டு தண்ணியத் திருத்துற சீவன் அதுக்குள்ளதான் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. குளத்துத் தண்ணியிலேயே ஒருக்கா அலசி விட்டிருந்தாக் காணும். சேறு போகும், சீவன் நிக்கும். ஆரு உங்களக் கழுவச் சொன்ன?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மாமரத்தைப் பார்த்தார்.

"நானாத்தான் கழுவினனான்."

"அப்ப இனி அந்தக் குளத்துப் பக்கம் போகாதீங்க."

தியாகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு ஒரு பைதான், தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். அக்கா அந்தப் போனோடு அந்த வீட்டில் இருந்தாக வேண்டும்.

களுதாவளையில் தெரிந்த ஒருவரின் வெற்றிலைத் தோட்டத்துக் கொட்டிலில் பையை இறக்கி வைத்தேன். கால் இரண்டும் கடுத்தன. அப்போது போன் அடித்தது. மலர் அக்கா.

"தம்பி, அவருக்கிட்டச் சொல்லிப்போட்டன். நான்தான் கழுவச் சொன்ன எண்டு."

"ஏன் அக்கா? மறுகா என்ன சொன்னாரு?"

"ரெண்டு பேரையும் அந்தப் பரலுக்குள்ள போட்டு மூடச் சொன்னாரு." மூக்கை உறிஞ்சினார். அழுகையா சிரிப்பா, பிடிபடவில்லை. "மிச்ச எட்டும் இன்னும் மூச்சு விடுது. ஒவ்வொரு வாளியா, ஒள்ளம் ஒள்ளமாத் தண்ணிய மாத்துறன். புளியந்தீவில அவர்ட கூட்டாளி வீட்டிலயும் குளம் இருக்காம். அங்கத்தப் பில்டர் ஸ்பொஞ்சில பாதிய வெட்டித் தருவாராம். அத நம்மட பரலுக்குள்ள வெச்சா அந்தச் சீவன் திரும்பப் பெருகுமாம். போவீங்களா?"

உடம்பு 'மாட்டேன்' என்றது. வாய் 'ஓம்' என்றது.

எது ஊத்தை, எது உயிர்? வெளியே நின்று பார்ப்பவனுக்குத் தெரிவதில்லை. எனக்கு அது தெரிய நாற்பத்தாறு வயதும் பதினொரு மீன்களும் போக வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலை புளியந்தீவிலிருந்து ஸ்பொஞ் கிடந்த வாளியோடு பஸ் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். கொண்டக்டர் வந்தார்.

"என்ன அண்ணன் வாளிக்குள்ள?"

"ஊத்தை."

"எறிஞ்சிட்டு ஏறக் கூடாதா?"

"எறிஞ்சா எட்டு உசிர் போயிரும் தம்பி."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார். அதற்குள் அக்காவின் கோல்.

"எங்க வாறீங்க தம்பி? அவரும் லைன்ல நிக்காரு. விடிஞ்சதில இருந்து போன வைக்கவே இல்ல."

வாளியை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். செட்டிபாளையம் வரை அதைக் காயாமலும் சிந்தாமலும் பார்த்துக்கொள்வது — அன்று நான் எடுத்த வேலை அவ்வளவுதான்.