என் அட்டையில் அம்மாவின் வலி

கனடாவில் என் பணப்பைக்குள் ஒரு அட்டை இருக்கிறது. முதியோர் இல்லத்தில் நான் பார்க்கும் வேலையோடு சேர்ந்து வந்தது. வருடத்துக்கு இத்தனை தடவை முதுகை நெட்டி முறித்துக்கொள்ளலாம், இத்தனை தடவை அக்குபங்சர் ஊசி குத்திக்கொள்ளலாம், செலவைக் காப்பீட்டுக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். முதுகை முறித்துவிடும் ஆளுக்கு இங்கே கைரோபிராக்டர் என்று பெயர். டிசம்பர் வந்துவிட்டால், மிச்சமிருக்கும் தடவைகள் வீணாகிவிடுமே என்று வலி இல்லாதவர்கள்கூட அவரிடம் ஓடுகிறார்கள். ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிப்பான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நானும் ஓடினேன்.

முதல் நாள், "இந்த மாதிரி வைத்தியம் முன்னால் எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். "எடுத்ததில்லை, செய்திருக்கிறேன்" என்றேன். எங்கே படித்தீர்கள் என்றார். "படிக்கவில்லை, பிறவியிலேயே வந்தது." அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். என்ன தட்டியிருப்பார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் சொன்னது பொய்யில்லை. போடிக்குப் பக்கத்தில் சிலமலையில், தலைக்குப் பதிலாகக் கால் முன்னால் வரப் பிறந்தவள் நான். அப்படிப் பிறந்தவர்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் மூன்று நாள் இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியுமுன் ஜீப்பில் ஏறி, நாளெல்லாம் குனிந்து காய் எடுத்து, அதே ஜீப்பில் குலுங்கிக்கொண்டு இறங்கும் பெண்களுக்கு இடுப்புப் பிடிக்காமல் என்ன செய்யும்? எங்கள் வாசலில் கூட்டம் குறைந்ததே இல்லை. காலைக் கழுவிக்கொண்டு வந்து மிதிப்பேன். காசு வாங்கக் கூடாது. அம்மாவை மிதித்த நாட்களில் மட்டும், முடித்தவுடன் அவள் பாதத்தைத் தொட்டுக் கும்பிடுவேன். பயம் என்ற ஒன்று அப்போது எனக்குத் துளிகூட இருந்ததில்லை.

போன டிசம்பரில், போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப்பு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அம்மாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. என் மதினியும் கால் மாறிப் பிறந்தவள்தான். அண்ணனுக்குப் பெண் பார்த்தபோது அம்மா அதை ஒரு பவுன் கூடுதல் சீராகவே நினைத்தாள். "மதினியை மூணு நாளு மிதிக்கச் சொல்லும்மா" என்று போனில் யோசனை சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். இரண்டு சாயங்காலம் மிதித்தாகிவிட்டது. அப்புறம் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"ஆத்தா, ரெண்டு காலும் இழுக்குது. ஒக்கார்ற எடம் மரத்துக் கெடக்கு. ஒண்ணுக்குப் போனதுகூடத் தெரியல. மதினிகிட்டச் சொல்லிறாத, மானக்கேடு."

என் அட்டை எனக்கும் என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும்தான். பெற்றவளுக்கு அதில் இடம் கிடையாது. பார்க்காத ஆளுக்கு யோசனை சொல்ல மாட்டேன் என்பார் கைரோபிராக்டர். அதனால் ஒரு காரியம் செய்தேன். மறுநாள் காலை ஏழரைக்கு என் பெயரில் நேரம் வாங்கி, அம்மாவின் வலியை என் வலியாகச் சொன்னேன். ஏதாவது பயிற்சி காட்டுவார், அதை அப்படியே ஊருக்குச் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். மரத்துப்போனதைச் சொன்னதும் என் முதுகிலிருந்த அவர் கை விலகியது. "சிறுநீர் வருவது தெரிகிறதா?"

"தெரியவில்லை."

"அசையாதீர்கள். நான் தொட மாட்டேன், வேறு யாரும் உங்கள் முதுகை அமுக்கக் கூடாது. நரம்பு நசுங்கியிருக்கலாம், கால் விளங்காமலே போய்விடும்" என்று ஆம்புலன்சுக்குப் போனை எடுத்தார். நான் துள்ளி எழுந்தேன். "எனக்கில்லை, என் அம்மாவுக்கு!"

"எங்கே இருக்கிறார்?"

"வீட்டில்."

"எவ்வளவு நேரத்தில் இங்கே கூட்டி வர முடியும்?"

இரண்டு விமானம், அப்புறம் பஸ்சு, அப்புறம் ஆட்டோ என்றேன். அவர் கோபப்படவில்லை. இந்த வருகையைக் காப்பீட்டில் எழுத மாட்டேன், உடனே வீட்டுக்குப் பேசுங்கள் என்றார்.

என் காலை ஏழரை, சிலமலையில் சாயங்காலம் ஆறு. மூன்றாம் நாள். மதினி விளக்கு வைக்கிற நேரம். பனி கொட்டிய கார் நிறுத்தத்தில் நின்று வீட்டுக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் ஜீப்பு ஓட்டுகிறவன், ஆள் ஏற்றிக்கொண்டு மலையிறங்குகிறான். "வளைவுல இருக்கேன், அப்பறம் கூப்புடு" என்று வைத்துவிட்டான். மறுபடி வீட்டு எண்ணைத் தட்டும்போது போன் நழுவிப் பனியில் விழுந்தது. நான் சொன்ன யோசனையால் அம்மா இனி நடக்க மாட்டாள் என்று, துடைத்து எடுப்பதற்குள் எனக்கு நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஐந்தாவது தடவை மதினி எடுத்தாள்.

"மிதிச்சிட்டியா?"

"இல்ல, இப்பத்தேன் காலைக் கழுவிட்டு வாரேன். அத்தை குப்புறப் படுத்திருக்காக."

"காலை வைக்காத! ஒக்காரவும் வைக்காத! நூத்தியெட்டுக்குப் போடு, வெரசா!"

அன்று ராத்திரியே தேனி ஆஸ்பத்திரியில் அறுவை நடந்தது. அம்மாவின் அரசாங்கக் காப்பீட்டு அட்டை அதைப் பார்த்துக்கொண்டது. நரம்பு எவ்வளவு தூரம் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, பொறுத்துப் பாருங்கள் என்றார்களாம். அந்த இரண்டு நாள் மிதியால்தானா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயம்.

அறுவை முடிந்த நாலாம் நாள், வேலை ஆரம்பிக்குமுன் சாப்பாட்டு அறையில் இருந்தபோது அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"காலு இருக்குன்னு தெரியுது ஆத்தா. எங்காலு மாதிரித்தேன் தெரியல. நீ மூணாம் நாளை முடிச்சு விடு."

"அம்மா, அமுக்கக் கூடாதும்மா."

"அமுக்கச் சொன்னேனா? காட்டு, போதும்."

அண்ணன் போனைத் திருப்பி அவள் இடுப்புக் கட்டுக்கு நேராகப் பிடித்தான். நான் பனி பூட்ஸையும் காலுறையையும் கழற்றினேன். எதிர் மேசைக்காரி காபியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். சுவரில் சாய்ந்துகொண்டு, போனுக்கு நேராகப் பாதத்தைத் தூக்கினேன். அந்தப் போன் கண்ணாடியைத் தொடக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"தெரியுதாம்" என்றான் அண்ணன். "எடுத்துறாதங்குது."

ஒரு கால் தேனியில் அம்மாவின் இடுப்புக்கு மேலே. மற்றதில், கனடாவில், விழாமல் நின்றுகொண்டிருந்தேன்.